மிச்சம் நிற்பவர்கள்

யூன் 16, திங்கள்

சோளகக் காற்று. காலையிலிருந்து ஓயவில்லை. மகள் ஆரணியின் சட்டை கொடியிலிருந்து இரண்டு தடவை வேலிக்குப் போய்விட்டது.

பகல் முழுக்க மட்டை ஆட்கள் வெட்டினேன். பிஸ்கற் பெட்டி மட்டை. பெருவிரல் நீளம், ஆளுக்கொரு முகம். முதலில் விளையாட்டுக் காய்களாகச் சட்டைப் பொத்தான்கள்தான் வைத்திருந்தேன். ஆரணிக்கு மூன்று வயது, கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குள். ஒருநாள் பச்சைப் பொத்தான் ஒன்றைக் காணவில்லை. மேசைக்கடியில் கிடந்தது. அதைக் காணும்வரை அவள் வாயைத் திறந்து திறந்து பார்த்தேன். அன்றோடு பொத்தான் ஒழிந்தது. ஆராய்ச்சிக் குறிப்பில் "பாதுகாப்புக் கருதி மாற்றப்பட்டது" என்று எழுதினேன். வாசிப்பவர்கள் பெரிய யோசனை என்று நினைப்பார்கள்.

என் கணவர் சுதனின் அக்கா பக்கத்து வளவு. வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன மச்சாள், எல்லாம் பொம்பிளையளாக் கிடக்கு?"

"அவசரத்தில தலைமயிர் கூடக் கீறிப்போட்டன்."

"ஆம்பிளையள் கனடாவுக்குப் போட்டினமாக்கும்."

நாளைக்குப் பிள்ளைகளுக்குச் சொல்வதற்காக விளையாட்டு விதிகள், சுருக்கி:

– பலகையின் நடுவில் கடல். இந்தப் பக்கம் சின்னத் தீவின் இறங்குதுறை. அந்தப் பக்கம் ஊர்காவற்றுறை.
– அட்டை எடு. அதிலுள்ள எண்ணுக்கு ஆட்களைத் துறையில் நிறுத்து.
– ஒரு படகில் ஆறு பேர். ஆறு ஆறாக அனுப்பு.
– ஆறு சேராதவர்கள் "மிச்சம்" என்று எழுதிய பெட்டியில் நிற்பார்கள்.
– எத்தனை படகு, எத்தனை மிச்சம். தாளில் எழுது. சரியென்றால் அடுத்த அட்டை.

நாலாம் வகுப்பு வகுத்தல். என்ன சோடித்தாலும் உள்ளே இருப்பது அதுதான்.

போன மாதம் யாழ்ப்பாணம் ரவுண் பள்ளிக்கூடத்தில் நன்றாகப் போனது. நாளை எழுவைதீவு. பல்கலைக்கழகத்தில் என்னை மேற்பார்க்கிற மேடம் இன்று போனில்: "தீவுப் பிள்ளையளின்ர முடிவு ரவுணோட ஒத்து வராட்டி விளையாட்டை ரவுணுக்கு மட்டும் அச்சடிப்பம். தீவைப் பேந்து பாப்பம்."

அந்தப் 'பிறகு' எப்போது வரும் என்று எனக்குத் தெரியும். தீவுப் பள்ளிக்கூடங்களையும் சேர்க்கச் சொல்லி ஒற்றைக்காலில் நின்றது நான். இப்போது பயமும் எனக்கே.

கடல் பயம் வேறு. வேலணைத் தீவில் பிறந்தவள், ஆனால் எங்களுக்குத் தரைவழி இருக்கிறது, பஸ் வருகிறது. சுதன்: "கடல் பயம் எண்டு வெளியில சொல்லிப்போடாதையும். தீவாள் எண்டு ஒருத்தரும் நம்பமாட்டினம்."

கொண்டுபோக: பலகை 3, ஆட்கள், அட்டைகள், தாள்கள், பென்சில், தேசிக்காய் (படகில் சத்தி வந்தால் முகர).


யூன் 17, செவ்வாய்

போய்வந்தாயிற்று. போகும்போது கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன். பக்கத்தில் ஒருவர் மடியில் கோழிக்குஞ்சுப் பெட்டி. முழு வழியும் அதுகளின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போனது நல்லதாயிற்று. தேசிக்காய் தேவைப்படவில்லை.

சின்னப் பள்ளிக்கூடம். நாலாம் வகுப்பையும் ஐந்தாம் வகுப்பையும் வதனி ரீச்சர் ஒன்றாகவே வைத்துப் படிப்பிக்கிறார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். அங்கேயே ஆசிரியர் குவாட்டஸில் தங்குகிறார்.

பிள்ளைகள் உடனே விளையாட்டுக்குள் இறங்கிவிட்டார்கள். ரவுணில் இவ்வளவு சத்தம் இல்லை. மட்டை ஆட்களுக்கு ஊர்க்காரரின் பெயர்கள் வைத்தார்கள். "இவ எங்கட மருத்துவிச்சி அன்ரி. இவவை முன்னுக்கு ஏத்து." எனக்குச் சந்தோசம். அரை மணி நேரம்.

பிறகு தாள்களைப் பார்த்தேன். இருபது பேர் அட்டை: படகு மூன்று, மிச்சம் பூச்சியம். பதினேழு பேர் அட்டை: படகு இரண்டு, மிச்சம் பூச்சியம். எல்லாத் தாளிலும் பூச்சியம். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினார்களோ என்று நினைத்தேன். பலகைகளைப் பார்த்தால் மூன்றிலும் மிச்சப் பெட்டி வெறுமை. படகுகளில் ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர்.

கவிநயா என்ற பிள்ளை. இரட்டைப் பின்னல், முன்பல் ஒன்று இல்லை.

"ஆறு பேர்தான் பிள்ளை போட்டில."

"ஓம் ரீச்சர், ஆறு பேருக்குத்தான் இடம். மற்றாக்கள் மடியில."

"மடியில ஏத்தேலாது. மிச்சம் ஆக்களை இந்தப் பெட்டியில விடவேணும்."

பெட்டியைப் பார்த்தாள். நான் அதற்குச் சாம்பல் நிறம் தீட்டியிருந்தேன்.

"இது சீமெந்தெல்லோ ரீச்சர். ராவைக்கு இதில எப்பிடி நிக்கிறது?" பிறகு: "இது கடைசிப் போட்டோ?"

"அது முக்கியமில்லை. நீர் விளையாடும்."

பக்கத்திலிருந்த தர்சன்: "உவ உப்பிடித்தான் ரீச்சர், எல்லாத்துக்கும் கேள்வி." அவனுடைய படகிலும் பதினொரு பேர்.

விதியை மூன்று தடவை சொன்னேன். தலையாட்டினார்கள். திரும்பவும் பூச்சியம்.

எல்லாவற்றுக்கும் பிழை போட்டேன். வேறென்ன செய்வது. தாளில் சரி, பிழை என்று இரண்டு கட்டம்தான்.

ஆரணிக்கு மூக்கு ஒழுகுகிறது. இருமல் இல்லை. இரண்டு தடவை நெஞ்சில் காது வைத்துப் பார்த்தேன்.


யூன் 18, புதன்

புள்ளிகளைக் கணினியில் ஏற்றினேன். ரவுண் நிரல் முழுக்கப் பச்சை. எழுவைதீவு நிரல் முழுக்கச் சிவப்பு. இவ்வளவு தெளிவான வித்தியாசம் வந்தால் ஆராய்ச்சி செய்பவர்கள் சந்தோசப்படுவார்களாம்.

மேடம் பார்த்துவிட்டுப் போன் எடுத்தார்.

"இவையளுக்கு வகுத்தலே தெரியேல்லைப் போல."

"தெரியும் எண்டுதான் ரீச்சர் சொல்லுறா."

"ரீச்சர்மார் அப்பிடித்தான் சொல்லுவினம். வெள்ளிக்கிழமை வாரும், கதைப்பம். ரவுணுக்கு மட்டும் எண்டுதான் முடியும் போல கிடக்கு."

போனை வைத்துவிட்டுக் குசினியில் சும்மா நின்றேன். சோறு அடிப்பிடித்தது. சுதன் சாப்பிடும்போது மணத்தை முகர்ந்துவிட்டு இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கொண்டார். அது அவருடைய நல்ல குணம். சில நேரம் கோபம் வரவைப்பதும் அதுதான்.

வதனி ரீச்சருக்குப் போன் எடுத்தேன். படகு, ஆட்கள் ஒன்றும் வேண்டாம், கரும்பலகையில் 20 ÷ 6 எழுதிக் கேட்டுப் பாருங்கோ என்றேன். பின்னேரம் பதில்: "எல்லாரும் சரி. மூண்டு, மிச்சம் ரெண்டு. தர்சன்கூடச் சரி. நீர் என்ன நினைச்சனீர்?"

அப்படியென்றால் வகுக்கத் தெரிகிறது. என் பலகைக்கு வந்தால் செய்கிறார்களில்லை.

நாளை திரும்பப் போகவேண்டும். மச்சாளுக்கு நாளை யாழ்ப்பாணத்தில் கிளினிக். ஆரணியை விட ஆளில்லை. மூக்கு இன்னும் ஒழுகுகிறது. தொப்பி, துவாய், மாற்றுச்சட்டை, மருந்து, இன்னொரு மாற்றுச்சட்டை.


யூன் 19, வியாழன்

நடந்ததை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

முதலில் பள்ளிக்கூடம். ஆரணியைப் பெரிய பிள்ளைகள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், என் கண் அவள் பின்னாலேயே. இன்று கவிநயா கேட்குமுன் நானே சொன்னேன்: இது காலைப் போட். பின்னால் வேறு போட் வரும்.

"அப்ப சரி," என்றாள். ஆறு, ஆறு, ஆறு. இரண்டு பேரைத் தூக்கி மிச்சப் பெட்டியில் வைத்தாள். "நீங்கள் அடுத்ததில வாங்கோ." தாளில்: 3, மிச்சம் 2. எல்லாப் பலகையிலும் அப்படியே.

அடுத்த சுற்றுக்கு, கடைசிப் போட் என்றேன். பெட்டி வெறுமை. படகில் எட்டுப் பேர். இந்தத் தடவை பிழை போடவில்லை, எழுதிக்கொண்டேன். வதனி ரீச்சர் என் தோளுக்கு மேலால் பார்த்துவிட்டு, "உண்மைதானே, கடைசிப் போட் ஆரை விட்டிட்டுப் போறது?" என்றார்.

ரீச்சரோடு கதைத்ததில் நேரம் போய்விட்டது. துறைக்கு ஓடிப்போனால் அது அன்றைய கடைசிப் படகு. நிரம்பிவிட்டது. கயிறு அவிழ்த்தாயிற்று. காற்று நன்றாகக் கூடியிருந்தது, துறையோடு படகு மோதிக்கொண்டிருந்தது. நான் நின்றுவிட்டேன். போட்காற அண்ணை "இடமில்லை" என்று சொல்லுவார், பிரச்சினை முடிந்துவிடும் என்று நினைத்தேன். சொல்லவேண்டும் என்று விரும்பினேன் என்பதுதான் சரி.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. உள்ளே திரும்பி: "தள்ளி இருங்கோ. ரீச்சரும் பிள்ளையும் வருகினம்."

"இடமெங்க அண்ணை, நான் என்ன கடலுக்கையோ இருக்கிறது?"

"உன்ர உடம்பைக் கொஞ்சம் சுருக்கு, இடம் வரும்."

சிரிப்பு. எல்லோரும் அரைச் சாண் நகர்ந்தார்கள். ஒரு பெண் கையை நீட்டி ஆரணியை வாங்கி மடியில் வைத்தார். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. மிதவை அங்கி மிஞ்சி இல்லை. ஒருவர் தன்னுடையதைக் கழற்றி ஆரணிக்குப் போட்டார், அது அவள் கால்வரை வந்தது. "கழட்டாதைங்கோ" என்றேன். "எனக்கு நீந்தத் தெரியும் பிள்ளை" என்றார். நான் ஏறினேன்.

பாதிவழியில் ஒரு அலை உள்ளே வந்தது. ஒருவரும் கத்தவில்லை. ஆரணி அந்தப் பெண்ணின் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நித்திரையாகிவிட்டாள்.

வீட்டில் சொன்னேன். சுதன் முதல்தடவையாகக் கோபப்பட்டார்.

"பிள்ளையையும் கொண்டு நிரம்பின போட்டில ஏறினனீரோ? நிண்டிட்டு நாளைக்கு வந்திருக்கலாமே."

"எங்க நிக்கிறது? துறையிலயோ?"

அவர் ஈரத் துவாயை எடுத்துக் கொடியில் போட்டார். 

ஆரணிக்குக் காய்ச்சல் இல்லை. மூன்று தடவை பார்த்தேன்.


யூன் 20, வெள்ளி

யாழ்ப்பாணம். பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன்.

மேடத்தின் அறையில் மின்விசிறி வேலை செய்யவில்லை. கரும்பலகை விடைகளையும் நேற்றைய தாள்களையும் காட்டினேன். கவனமாகப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை, அவசரப்படுகிறவர்.

"சரி, வகுத்தல் தெரியுது. ஆனா உம்மட விளையாட்டில அதைச் செய்யினமில்லை. அப்ப பிழை ஆரில?"

"விளையாட்டில."

"அதைத்தான் நானும் சொல்லுறன். ஆக்களை மாம்பழமா மாத்தும். கூடைக்கு ஆறு மாம்பழம். மிஞ்சினது மிச்சம். மாம்பழத்துக்கு ஒருத்தரும் இரங்கமாட்டினம். தீவுப் பிள்ளையளும் சரியாச் செய்யும், சேர்த்து அச்சடிச்சிடலாம்."

நான் கேட்டது கிடைக்கிறது. ஓம் என்றால் முடிந்தது. ஆனால் வாய் வேறு சொன்னது.

"கடைசிப் போட் எண்டு ஒரு அட்டை வைச்சா?"

"வைச்சா? எட்டுப் பேரை ஏத்தினது சரியெண்டு புள்ளி போடுவீரோ? நாங்கள் அச்சடிச்சுக் குடுக்கிற விளையாட்டுப் பெட்டியில, ஆறு பேரின்ர போட்டில எட்டுப் பேர். நாளைக்கு ஏதும் நடந்தா?"

நேற்று அந்த எட்டாவது ஆள் நான்தான் என்று சொல்லவில்லை. அவர் சொன்னது சரி. நேற்று என்னை விட்டுவிட்டுப் போயிருந்தால் அதுவும் சரி என்று எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

"திங்கள் ஒருக்காப் போய் ரெண்டையும் விளையாடிப் பாத்திட்டு வாறன் மேடம்."

"திங்கள் மட்டும்தான். செவ்வாய் அச்சுக்குச் சொல்லவேணும்."

திரும்பும்போது மண்கும்பானில் பஸ் பிரேக் பிடித்து எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தோம். கண்டக்டர்: "உள்ளுக்குப் போங்கோ, உள்ளுக்குப் போங்கோ." உள்ளே இடமே இல்லை.


யூன் 22, ஞாயிறு

மாம்பழங்கள் வெட்டினேன். மாம்பழம் வெட்டுவது சுகம், முகம் கீறத் தேவையில்லை. மச்சாள்: "இதுகள் பரவாயில்லை, சேலை உடுத்தத் தேவையில்லை."

படகுப் பலகைக்கு மிதவை அங்கிகள், படகு ஒன்றுக்கு ஆறு. செம்மஞ்சள் காகிதம். புது விதி: அங்கி இல்லாதவர் ஏறக்கூடாது, கடைசிப் படகானாலும். பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று தெரியாது. மேசையில் நானே விளையாடிப் பார்த்தேன். இரண்டு பேர் பெட்டியில் நின்றார்கள். கணக்குச் சரி. எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்தேன்.

ஆரணிக்கு மூக்கு ஒழுகுவது நின்றுவிட்டது. இப்போது எனக்கு.


யூன் 23, திங்கள்

காற்று இறங்கியிருந்தது. கண்ணைத் திறந்துகொண்டு போனேன்.

முதலில் மாம்பழம். சத்தமே இல்லை. பத்து நிமிடத்தில் முடித்துத் தாளை நீட்டிவிட்டார்கள். எல்லாம் சரி. ஒரு பிழை கூட இல்லை. தர்சன்: "முடிஞ்சுதோ ரீச்சர்? இனி போட் விளையாடுவமோ?"

படகுப் பலகை. அங்கிகளைக் காட்டி விதியைச் சொன்னேன். கவிநயாவின் கேள்வி வருமுன் நானே: இது கடைசிப் போட்.

 மூன்று படகும் ஆறு ஆறாக நிரம்பின. இரண்டு மட்டை ஆட்கள் கவிநயாவின் கையில்.

"மடியில ஏலாதோ?"

"அங்கி இல்லை."

"திரும்பி வந்து ஏத்துவாரோ?"

"இது கடைசி."

பெட்டிமேல் கொண்டுபோனாள். வைக்கவில்லை. மற்றக் கையால் பென்சிலை எடுத்துப் பலகையில், என்னுடைய பலகையில், பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சதுரம் கீறினாள். மேலே முக்கோணம். எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பலகையை வர்ணம் தீட்ட ஒரு கிழமை எடுத்தது.

"என்ன பிள்ளை செய்யிறீர்?"

"எங்கட வீடு ரீச்சர். ஒராள் எங்கட வீட்ட. மற்றாள் தர்சன் வீட்ட."

"எங்கட வீட்ட இடமில்லை," என்றான் தர்சன். "மாமா வந்து நிக்கிறார். ரெண்டு பேரும் உங்கட வீட்ட."

"சரி, ரெண்டு பேரும்."

தாளில் எழுதினாள்: படகு 3, மிச்சம் 2. அதற்குப் பக்கத்தில்: எங்கட வீடு.

அதன்பிறகு என்னால் கட்டுப்படுத்த முடியவில்லை. மூன்று பலகையும் வீடுகளால் நிறைந்தன. யாரைக் கூட்டிப்போவதென்று சண்டை. பிழையாக எண்ணினால் ஒருவர் குறைந்துபோவார், அதனால் ஒருவரை ஒருவர் திருத்தினார்கள். "மூண்டு இல்லையடா, நாலு, வடிவா எண்ணு, ஒராளை மறந்திட்டாய்." எட்டுப் பேர் ஏறிய படகு ஒன்றுகூட இல்லை.

என் பலகையில் கடல் இருந்தது, படகு இருந்தது, துறை இருந்தது. தீவுக்கு ஒரு வீடுகூடக் கீறவில்லை. தரைவழி உள்ள ஊரிலிருந்து பார்த்தால் அங்கே துறை மட்டும்தான் தெரிகிறது போலும்.

வதனி ரீச்சரிடம் வியாழக்கிழமைக் கதையைச் சொன்னேன். திகைத்துவிட்டார்.

"என்ர குவாட்டஸில நிண்டிருக்கலாமே. ரெண்டு கட்டில் கிடக்கு."

"நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையே."

"நீர் எங்க கேட்டனீர்? பையையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு ஓடினீர். கட்டாயம் போகவேணுமாக்கும் எண்டு நினைச்சன். போட்காற அண்ணையும் அப்பிடித்தான் நினைச்சிருப்பார்."

வீட்டில் சுதனிடம் சொன்னேன். "அப்ப இனி நிரம்பின போட்டில ஏறமாட்டீர்," என்றார். கேள்வி இல்லை. ஓம் என்றேன்.

மேடத்துக்கு இரண்டு வகைத் தாள்களையும் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். மாம்பழத்தாள்களை மட்டும் அனுப்பியிருந்தால் போதும், ஆபத்தில்லை. அனுப்புமுன் நிறைய நேரம் யோசித்தேன். கடிதத்தில் ஒரே வரி: படகைத்தான் அச்சடிக்கவேண்டும் என்பது என் கருத்து. எழுதியதை அழித்துத் திரும்ப எழுதினேன்.


யூன் 24, செவ்வாய்

காலையிலிருந்து போன் பக்கத்தில். மச்சாள்: "அதைப் பாத்துக்கொண்டிருந்தா அடிக்குமோ?"

உலை வைத்த நேரம் அடித்தது.

"மாம்பழத்தில எல்லாம் சரி," என்றார் மேடம்.

"ஓம்."

"போட்டிலயும் எல்லாம் சரி. ஒருத்தரும் கூட ஏத்தேல்லை."

"ஓம் மேடம்."

அச்செடுத்த தாள்களைப் புரட்டும் சத்தம்.

"இதில ஒரு தாளில மிச்சம் அஞ்சு, அஞ்சும் ஒரே வீடு எண்டு கிடக்கு. அதென்ன?"

"அஞ்சு பேரையும் அந்தப் பிள்ளையே கூட்டிக்கொண்டு போயிட்டுது."

"ஒரு வீட்டுக்கு எத்தினை பேர் எண்டு விதி வைச்சனீரோ?"

"இல்லை."

"வையும். இல்லாட்டி ரவுணில சண்டை பிடிப்பினம். வீட்டையும் சேர்த்துப் பலகையைத் திருப்பிக் கீறும். அச்சை ரெண்டு கிழமை பிந்தச் சொல்லிப்போட்டன். தீவுப் பள்ளிக்கூடங்களையும் சேர்த்துத்தான்."

நன்றி என்று சொன்னேனா என்று நினைவில்லை. சோறு இன்றும் அடிப்பிடித்தது.

பின்னேரம் வதனி ரீச்சரிடம், ஒரு வீட்டுக்கு எத்தனை பேர் என்று பிள்ளைகளிடம் கேட்டுச் சொல்லச் சொன்னேன். பதில் வந்தது: "விதி வேண்டாமாம். பாய் எத்தினை கிடக்கெண்டு பாத்துச் செய்யட்டாம்."

வெட்ட வேண்டியவை: வீடுகள். வீட்டுக்கு நாலு பாய்.